பிடிப்பதற்கு முன் ஒரு கேள்வி

சம்பளத்தில் ஜகாத் பிடிக்கலாமா என்பது இந்தோனேசியாவில் கொஞ்ச வருஷமாக ஓடும் சண்டை. கேள்வி மட்டும் ரொம்பப் பழசு. கலீஃபா அபூபக்கர் உதவித்தொகை வழங்கும்போது, ஜகாத் கடமையாகிற சொத்து ஏதும் இருக்கிறதா என்று முதலில் கேட்பாராம். இருந்தால் அதற்குரியதைப் பிடித்துக்கொள்வார். இல்லையென்றால் முழுத்தொகையும் கைக்கு வந்துவிடும். உதவித்தொகையிலிருந்தே ஜகாத் எடுத்த முதல் ஆள் முஆவியா என்கிறது இமாம் மாலிக்கின் முவத்தா.

இந்தோனேசியாவில் டச்சு அரசு 1905இல், உள்ளூர் அதிகாரிகள் ஜகாத் வசூலில் தலையிடக் கூடாதென்று தடை போட்டது. சுதந்திர நாட்டில் நிலைமை தலைகீழானது. 1968இல் சுகார்த்தோ, ஜகாத் வசூலைத் தானே முன்னின்று ஏற்பதாக அறிவித்தார். 1982இல் அவர் தொடங்கிய அறக்கட்டளை, முஸ்லிம் அரசு ஊழியர்களின் சம்பளத்தில் மாதாமாதம் சிறு தொகை பிடித்து நாடு முழுக்கப் பள்ளிவாசல்கள் கட்டியது. பெயர் என்னவோ நன்கொடைதான். சுகார்த்தோ காலத்தில் எந்தக் குமாஸ்தா ‘வேண்டாம்’ என்று சொல்லியிருப்பார்?

தொழில் வருமானத்துக்கும் ஜகாத் உண்டு என்ற வாதத்துக்கு வலு சேர்த்தவர் யூசுஃப் அல்-கர்ளாவி. விவசாயி அறுவடையிலேயே பத்தில் ஒரு பங்கோ இருபதில் ஒரு பங்கோ கொடுக்கிறார். அவரைவிடப் பல மடங்கு சம்பாதிக்கும் டாக்டரும் அதிகாரியும் சும்மா இருப்பது நியாயமா? எனக்கு இது சரியாகவே படுகிறது. இந்தோனேசிய உலமா சபையும் 2003இல் ஃபத்வா கொடுத்தது: ஆண்டு வருமானம் 85 கிராம் தங்கத்தின் மதிப்பை எட்டினால் 2.5 சதவீதம்.

சிக்கல் வசூலிக்கும் விதத்தில் வந்தது. 2005இல் கிழக்கு லோம்போக்கில் மாவட்ட நிர்வாகம் சம்பளத்திலேயே பிடிக்க, ஆசிரியர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். 2018இல் மத விவகார அமைச்சர் லுக்மான் ஹகீம் சைஃபுத்தீன், முஸ்லிம் அரசு ஊழியர் அனைவரிடமும் 2.5 சதவீதம் பிடிக்கும் திட்டத்தைச் சொன்னார். எதிர்ப்பு கிளம்பியதும், ‘கட்டாயமில்லை, விருப்பமில்லாதவர் எழுதிக் கொடுக்கலாம்’ என்றார்.

அபூபக்கர் கேட்டுவிட்டுப் பிடித்தார். இங்கே பிடிக்கிறேன், வேண்டாமென்றால் நீயே வந்து சொல் என்கிறார்கள். நியமன ஆணையை வங்கியில் அடமானம் வைத்துக் கடன் வாங்குவது அங்கே அரசு ஊழியர்களிடம் சகஜம். தவணை போக மிச்சச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் ஓர் ஆசிரியர், ‘எனக்கு ஜகாத் கடமை இல்லை’ என்று மேலதிகாரிக்கு எழுத்தில் கொடுக்கணுமென்றால், தன் வறுமையையும் சேர்த்துத்தான் எழுதிக் கொடுக்கணும். கூச்சப்பட்டே பேசாமல் இருந்துவிடுவார். பிடிக்கப்பட்ட பணம் கணக்கில் ஜகாத் என்று ஏறிவிடும். கொடுத்தவர் மனசில் அதற்கான நிய்யத் இருந்ததா என்று கேட்க யாருமில்லை.