பாவசங்கீர்த்தனத்திலிருந்து ஒப்புரவுக்கு: தமிழ்க் கிறிஸ்தவத்தில் மன்னிப்பின் சொல் வரலாறு

விபூதிப் புதன் கழிந்து தவக்காலம் தொடங்கிவிட்டால், குஜிலியம்பாறை, வேடசந்தூர் பக்கத்துக் கத்தோலிக்க வீடுகளில் பெரியவர்கள் "பாவசங்கீர்த்தனம் பண்ணணும்" என்பார்கள். அதே வீட்டில் மறைக்கல்வி படிக்கும் பிள்ளை அதை 'ஒப்புரவு அருட்சாதனம்' என்று எழுதும். சடங்கு ஒன்று, பெயர் இரண்டு. பழைய பெயர் பாவத்தைச் சொல்வதைக் குறிக்கிறது. புதியது முறிந்த உறவு கூடுவதைக் குறிக்கிறது. பெயரோடு சேர்ந்து மன்னிப்பைப் பற்றிய புரிதலும் மாறியிருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஆதித் திருச்சபையில் திருமுழுக்குக்குப் பின் பெரும் பாவம் செய்தவர் சபையறியத் தவம் இருந்து, வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே மீள முடிந்தது. குருவிடம் தனியே, பலமுறை சொல்லி மன்னிப்புப் பெறும் வழக்கத்தை அயர்லாந்துத் துறவிகள் பரப்பினர். 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் அதை ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டிய கடமையாக்கியது. 1551இல் திரெந்து சங்கம் அதன் விதிகளை வரையறுத்தது. தமிழகக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது இந்த வடிவமே.

1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் மொழிபெயர்ப்பாளர் துணையோடுதான் போதித்தார். பிரசங்கத்தை இன்னொருவர் வாய்வழியே சொல்லலாம். ஒருவர் தன் பாவத்தை மூன்றாம் ஆள் காதில் விழ எப்படிச் சொல்வார்? அவருக்குப் பின் வந்த அண்டிரிக் அடிகளார் தமிழை முறையாகக் கற்று, மக்களின் பாவசங்கீர்த்தனத்தைத் தமிழிலேயே கேட்டார். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்', 1579இல் கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' ஆகியவற்றை அச்சிட்டவர், 1580இல் பாவசங்கீர்த்தனத்துக்கென்றே ஒரு கையேட்டை வெளியிட்டார். தமிழில் முதன்முதலாக அச்சேறிய நூல்களுள் ஒன்று, மனிதர் தம் குற்றத்தைச் சொல்லி மீளக் கற்றுத்தரும் நூல். நம் அச்சு வரலாற்றைப் பேசுவோர் இதற்கு உரிய கவனம் தரவில்லை என்றே நினைக்கிறேன்.

அக்கையேட்டின் பெயர் போர்த்துகீசியம். 1606இல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தபின் உள்நாட்டு மிஷனில் வடமொழி கலந்த சொற்கள் ஓங்கின. பாவசங்கீர்த்தனம் அந்தச் சொல்லோட்டத்தைச் சேர்ந்தது. இறைவன் நாமத்தை வாய்விட்டுச் சொல்வது நாமசங்கீர்த்தனம். அதே சொல் இங்கே பாவத்தை வாய்விட்டுச் சொல்வதற்கு ஆகிவந்தது. குரு எப்போதோ ஒருமுறை வந்துபோன உள்நாட்டு ஊர்களில் மக்களை அதற்குத் தயார்செய்தவர்கள் உபதேசியார்கள். அவர்களுக்காகத்தான் வீரமாமுனிவர் 'வேதியர் ஒழுக்கம்' எழுதினார். ஆத்தும சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, பாவத்தைச் சொல்லுதல், குரு இட்ட அபராதத்தைத் தீர்த்தல் என்ற ஐந்தும் மந்திரப் புத்தகங்கள் எனப்பட்ட பழைய ஜெப நூல்கள் வழியே மனப்பாடமாயின. அபராதம், தீர்த்தல் ஆகியவை வழக்கும் கடனும் சார்ந்த சொற்கள். அதனாலேயே இந்த முறை வெறும் கணக்குத் தீர்ப்பாகச் சுருங்கும் ஆபத்தும் இருந்தது. ஆனாலும் எழுத்தறியாத உழவரும் தன் நாளைத் தானே திரும்பிப் பார்க்கப் பழகியது சிறிய காரியமல்ல.

சீர்திருத்த சபையின் வழி வேறு. 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன், மறு ஆண்டே திண்டுக்கல்லில் நிலைகொண்டது. அங்கே குருவின் செவிக்குப் பதிலாகச் சபையின் பொது அறிக்கையும் தனி ஜெபமும் நின்றன; முதன்மைச் சொல் மனந்திரும்புதல். ஹென்றி பவர் தலைமையில் உருவாகி 1871இல் முழுமையாக வந்த வேதாகமத்தில், காணிக்கை செலுத்துமுன் சகோதரனோடு சமாதானமாகச் சொல்லும் மலைப் பிரசங்கப் பகுதியிலும், கடவுளோடு சமாதானமாவதைப் பவுல் பேசும் இடத்திலும் 'ஒப்புரவாகுதல்' என்ற ஒரே சொல் வருகிறது. திருக்குறளின் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். ஊரோடு ஒத்து உதவி வாழ்தலைக் குறித்த சொல், இவ்வாறு கடவுளோடும் அயலானோடும் மீண்டும் கூடுதலைக் குறிக்கலாயிற்று.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் தொடர்ந்து 1973 டிசம்பர் 2இல் உரோமை புதிய தவச் சடங்குமுறையை வெளியிட்டது. அதன் மையம் ஒப்புரவு. தமிழ்க் கத்தோலிக்கர் எடுத்துக்கொண்ட பெயரோ, சீர்திருத்த சபையார் தலைமுறைகளாக வாசித்துவந்த சொல்லாகவே அமைந்தது. இந்த ஒற்றுமை எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

ஆனால் பழைய ஆத்தும சோதனை தனிமனிதன் பாவத்தைத் துருவியது போல ஊரின் பாவத்தைத் துருவவில்லை. வடக்கன்குளம் ஆலயத்துக்குள் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. அதுவரை அச்சுவருக்கு இருபுறமும் நின்று மக்கள் பாவமன்னிப்பு வேண்டினார்கள். ஒப்புரவு என்ற பெயரை ஏற்ற பிறகு அந்த நிலையை நியாயப்படுத்தவே முடியாது. புதிய பெயர் நம்மிடம் பழையதைவிட அதிகம் கேட்கிறது.

2003 நவம்பர் 10இல் திருச்சியிலிருந்து பிரிந்து உருவான திண்டுக்கல் மறைமாவட்டத்தில் இந்த வரலாறு இன்னும் ஊர் ஊராகத் தொகுக்கப்பட வேண்டும். அதற்கான சான்றுகள் நூலகத்தில் மட்டும் இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் பாட்டியின் மந்திரப் புத்தகம் கிடந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். அதில் பாவசங்கீர்த்தனப் பக்கம்தான் அதிகம் தேய்ந்திருக்கும். பங்குக் குருவிடம் ஒருமுறை காட்டுங்கள்.