ஓகா நெருக்கடியும் கனடாவின் பூர்வகுடிகளும்: தீராத நிலவுரிமைப் பிணக்கு

கனடாவின் மொன்றியல் மாநகரக் கொடியில் 2017ஆம் ஆண்டு ஒரு வெள்ளைப் பைன் மரம் சேர்க்கப்பட்டது. அதுவரை அக்கொடியில் பிரெஞ்சு, ஆங்கிலேய, ஸ்கொட்லாந்து, அயர்லாந்து மக்களைக் குறிக்கும் மலர்களும் இலையும் மட்டுமே இடம்பெற்றிருந்தன. ஐரோப்பியர் வருவதற்கு முன்பே அங்கு வாழ்ந்த பூர்வகுடிகளுக்கான அடையாளமாக இந்த மரம் கொடியின் நடுவில் வைக்கப்பட்டது. ஆனால் அதே நகரிலிருந்து மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில், ஒரு பைன் மரக்காடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே 1990இல் கனடிய இராணுவத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தது.

"ஓகா நெருக்கடி" என்று அறியப்படும் அந்த மோதல், கனடிய அரசுக்கும் பூர்வகுடிகளுக்கும் இடையிலான உறவில் ஒரு திருப்புமுனையாகக் கருதப்படுகிறது.

மூன்று நூற்றாண்டுப் பிணக்கு

மொஹாக் மக்கள் வாழும் கனேசதாகே என்ற இடத்தை உள்ளடக்கிய நிலப்பரப்பை, 1717இல் பிரெஞ்சு மன்னராட்சி சல்பீசியன் கத்தோலிக்கக் குருக்கள் சபைக்கு மானியமாக வழங்கியது. மொன்றியல் தீவில் இருந்த பூர்வகுடியினரை அங்கே குடியமர்த்துவதே மானியத்தின் நோக்கமாகச் சொல்லப்பட்டது. நிலம் தங்களுக்காகவே தரப்பட்டது, சபை அதன் பொறுப்பாளர் மட்டுமே என்பது மொஹாக் மக்களின் நிலைப்பாடு. நிலம் தமக்கே உரியது என்றது சபை.

பின்னர் வந்த பிரித்தானிய ஆட்சி 1841இல் சபையின் உரிமையை உறுதி செய்தது. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றபோது, 1912இல் அங்கும் சபைக்குச் சார்பாகவே தீர்ப்புக் கிடைத்தது. 1936இல் நிலத்தின் பெரும்பகுதியைச் சபை ஒரு பெல்ஜிய நிறுவனத்திற்கு விற்றது. எஞ்சியதில் ஒரு பகுதியை 1945இல் மத்திய அரசு வாங்கியது. மொஹாக் மக்களின் வீடுகளும் வெளியாரின் காணிகளும் சதுரங்கப் பலகையைப் போல மாறி மாறி அமைந்தது இதன் விளைவே.

1975இலும் 1977இலும் மொஹாக் மக்கள் மத்திய அரசிடம் நிலவுரிமைக் கோரிக்கைகளை முன்வைத்தனர். முதலாவது விரைவில் நிராகரிக்கப்பட்டது. இரண்டாவது 1986இல் நிராகரிக்கப்பட்டது.

78 நாட்கள்

இந்நிலையில், ஓகா நகரசபை தனது ஒன்பது குழி கோல்ஃப் மைதானத்தைப் பதினெட்டுக் குழிகளாக விரிவாக்கவும், அருகே வீடுகள் கட்டவும் திட்டமிட்டது. அதற்குத் தேவைப்பட்ட நிலம் மொஹாக் மக்களின் இடுகாட்டை ஒட்டிய பைன் காடு. 1990 மார்ச்சில் அவர்கள் காட்டுப்பாதையில் தடுப்பரண் அமைத்தனர். மொஹாக் மரபில் நிலத்தின் காவல் பெண்களுக்கு உரியது என்பதால், பெண்களே முன்வரிசையில் நின்றனர்.

தடுப்பரணை அகற்ற நீதிமன்ற ஆணை பெறப்பட்டது. ஜூலை 11ஆம் தேதி கியூபெக் மாகாணப் பொலிஸார் அங்கு நுழைந்தபோது துப்பாக்கிச் சூடு மூண்டது. மார்செல் லெமே என்ற பொலிஸ் அதிகாரி உயிரிழந்தார். அவரது மரணத்திற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. அதே நாளில் கானவாகே மொஹாக் மக்கள், மொன்றியல் தீவைத் தென்கரையுடன் இணைக்கும் மெர்சியே பாலத்தை மறித்தனர். ஆகஸ்டில் மாகாண முதல்வர் ரொபேர் புராசாவின் கோரிக்கையின் பேரில் இராணுவம் வந்தது. அம்மாத இறுதியில் கானவாகேயிலிருந்து வெளியேறிய முதியோர், பெண்கள், குழந்தைகளின் வாகனங்கள் மீது திரண்டிருந்த கூட்டத்தினர் கல்லெறிந்தனர். செப்டம்பர் 26ஆம் தேதி நெருக்கடி முடிவுக்கு வந்தது.

கோல்ஃப் மைதானம் விரிவாக்கப்படவில்லை. பிணக்கிற்குரிய நிலத்தை மத்திய அரசு விலைக்கு வாங்கியது. ஆனால் வாங்குவது வேறு, உரிமையை ஏற்பது வேறு. 2001ஆம் ஆண்டுச் சட்டம் கனேசதாகேயின் நிலங்களை மொஹாக் மக்களுக்காக ஒதுக்கப்பட்டவை என அங்கீகரித்தது. எனினும் வரலாற்று உரிமை பற்றிய கேள்விக்கு அது விடையளிக்கவில்லை. பழைய கோரிக்கையைப் பேச்சுவார்த்தைக்கு ஏற்கவே அரசுக்கு 2008 வரை ஆனது.

தேசியத்திற்குள் தேசியம்

கியூபெக்கில் இப்பிரச்சினைக்கு மற்றொரு முகமும் உண்டு. கனடாவிலிருந்து பிரிந்து செல்வது குறித்துக் கியூபெக் 1995 அக்டோபரில் பொதுவாக்கெடுப்பு நடத்தியது. அதற்குச் சில நாட்கள் முன்னதாக, மாகாணத்தின் வடபகுதியில் வாழும் கிரீ மக்கள் தமக்கென ஒரு வாக்கெடுப்பை நடத்தினர். தமது சம்மதமின்றிக் கியூபெக்குடன் சேர்ந்து கனடாவை விட்டுப் பிரிவதை அதில் 96 சதவீதத்தினர் நிராகரித்தனர். சுயநிர்ணய உரிமை கோரும் ஒரு தேசிய இனம், தன்னுள் வாழும் சிறிய இனத்தின் அதே கோரிக்கைக்கு என்ன பதில் சொல்லும் என்ற கேள்வியைக் கிரீ மக்கள் எழுப்பினர். ஈழத்தமிழ் வாசகர்களுக்கு இது அந்நியமான கேள்வியல்ல.

கிரீ மக்களின் அனுபவம் கனேசதாகேயிலிருந்து வேறுபட்டது. ஜேம்ஸ் விரிகுடா நீர்மின் திட்டத்தை எதிர்த்து 1973இல் அவர்கள் மொன்றியலில் இடைக்காலத் தடையாணை பெற்றனர். அது ஒரு வாரத்திலேயே மேல்நீதிமன்றத்தால் நிறுத்தப்பட்டது. ஆயினும் அந்த அழுத்தம் 1975ஆம் ஆண்டு உடன்படிக்கைக்கு வழிவகுத்தது. மின்சாரத்திற்காக அரசுக்கு அவர்களது நிலம் தேவைப்பட்டது. கனேசதாகேயிடம் அத்தகைய பேரம்பேசும் வலு இருக்கவில்லை. யார் சார்பில் பேசுவது என்பதில் மரபுவழி அமைப்புக்கும் தேர்தல்வழி சபைக்கும் இடையே நிலவிய முரண்பாடும் அதன் குரலைப் பலவீனப்படுத்தியது.

சட்டமும் நிலமும்

ஓகாவுக்குப் பிறகு 1991இல் அமைக்கப்பட்ட அரச ஆணைக்குழு, 1996இல் 440 பரிந்துரைகளை முன்வைத்தது. பூர்வகுடிகளின் உரிமைகள் குறித்த ஐ.நா. பிரகடனம் 2007இல் 144 நாடுகளின் ஆதரவுடன் நிறைவேறியபோது, எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளில் கனடாவும் ஒன்று. 2021இல் அதே பிரகடனத்தை நடைமுறைப்படுத்துவதற்கான சட்டத்தைக் கனடிய நாடாளுமன்றம் இயற்றியது. இடையில் 2014இல், பிரிட்டிஷ் கொலம்பியாவின் சில்கோட்டின் மக்களுக்கு ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பின் மீது பூர்வகுடி உரிமை உண்டென உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய தீர்ப்பு கனடாவில் அதுவே முதன்முறை.

சட்டம் நகர்ந்திருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் நிலம் தம்முடையது என்பதை நிரூபிக்கும் சுமை இன்றும் பூர்வகுடிகள் மீதே இருக்கிறது. கோரிக்கையை எதிர்கொள்ளும் தரப்பும், அது பேச்சுவார்த்தைக்குத் தகுதியானதா என்று முதலில் முடிவு செய்யும் தரப்பும் ஒரே மத்திய அரசுதான்.

1983க்குப் பின் சொந்தக் காணிகளை விட்டு அகதிகளாக வந்த தமிழர் பலர் மொன்றியலில் வாழ்வு அமைத்துக்கொண்டனர். அவர்களுக்குப் புகலிடம் தந்த அரசும், கனேசதாகேயின் கோரிக்கையை 1986இல் நிராகரித்த அரசும் ஒன்றே. அங்கு குடியுரிமை பெற்று வாக்காளர்களாகிவிட்ட தமிழர்களுக்கு இப்பிணக்கு இனி வேற்றாரின் விவகாரமல்ல. அவர்கள் தெரிவு செய்யும் அரசு பதில் சொல்ல வேண்டிய கணக்கு.