ஒட்டிணைப்புகளில் அயர்ச்சிச் சேதமும் அதன் கண்காணிப்பும்: அலோகா 243 விபத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பசையால் ஒட்டப்பட்ட உலோகத் தகடுகள் திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்குவதால் சிறிது சிறிதாக வலுவிழக்கின்றன. இதனை அயர்ச்சிச் சேதம் என்பர். இரு தகடுகளுக்கு நடுவே தொடங்குவதால் இச்சேதம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் நேர்ந்த அலோகா ஏர்லைன்ஸ் 243 விமான விபத்தைச் சான்றாகக் கொண்டு, அக்காலக் கண்காணிப்பு எதைத் தேடியது, எதைத் தேடாமல் விட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இணைப்பின் அமைப்பு

போயிங் 737 வகையின் முதல் 291 விமானங்களில், உடற்பகுதித் தகடுகளின் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைக்கப்பட்டு, எப்பாக்சி ஊறிய மெல்லிய துணியால் ஒட்டப்பட்டன. அவற்றின் ஊடே மூன்று வரிசை ரிவெட்டுகளும் அடிக்கப்பட்டன. அறை வெப்பநிலையில் இறுகும் அப்பசையைப் பயன்படுத்தும் வரை குளிர்நிலையில் வைத்திருக்க வேண்டும். குளிர்ந்த துணிமீது ஈரம் படிந்தாலோ, தகட்டின் மேற்பரப்பு செம்மையாகப் பதப்படுத்தப்படாவிட்டாலோ ஒட்டு நிலைப்பதில்லை. வடிவமைப்பின்படி சுமையைப் பரவலாகக் கடத்த வேண்டியது பசையே. அது விட்டுப்போனதும் சுமை ரிவெட்டுகளின்மீது குவிந்தது. ஏறத்தாழ 0.9 மி.மீ. தடிமனுள்ள தகட்டில், ரிவெட்டின் தலை அமிழுமாறு குடையப்பட்ட துளையின் விளிம்பு கத்திமுனைபோல் மெலிந்திருந்தது. விரிசல்கள் அவ்விடத்திலேயே தோன்றின.

விபத்தும் விசாரணையும்

அவ்விமானம் 35,496 மணி நேரத்தில் 89,680 முறை பறந்திருந்தது. அதாவது, ஒரு பயணத்திற்குச் சராசரியாக 24 நிமிடம். ஒவ்வொரு பயணத்திலும் உள்ளழுத்தம் ஒருமுறை ஏறி இறங்குவதால், தீவுகளுக்கிடையிலான குறும்பயணங்கள் இணைப்புகளை விரைந்து முதுமையடையச் செய்தன. 24,000 அடி உயரத்தில், சுமார் 18 அடி நீளத்திற்கு மேற்கூரை பெயர்ந்தது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். ஹிலோவில் விமானம் ஏறும்போதே பயணி ஒருவர் விரிசலைக் கண்டிருந்தார். ஆயினும் எவரிடமும் கூறவில்லை.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 1987இல் பிறப்பித்த ஆணை, இருபுறமும் குறிப்பிட்ட ஓர் இணைப்பை மட்டும் கூர்ந்து பார்வையிடப் பணித்தது. அங்கு விரிசல் தென்பட்டால்தான் சுழல் மின்னோட்டச் சோதனை கட்டாயமாகும். முறிவோ அவ்வாணை தொடாத வேறோர் இணைப்பில் தொடங்கியது. தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1989இல் வெளியிட்ட அறிக்கை, ஒட்டு விட்டதையும் அயர்ச்சிச் சேதத்தையும் கண்டறியத் தவறிய பராமரிப்பையே முதன்மைக் காரணமாகக் குறித்தது. எல்லா இணைப்புகளையும் சோதிக்கப் பணிக்காத ஆணையையும் துணைக் காரணங்களுள் ஒன்றாக்கியது.

பார்வையிலிருந்து அளவீட்டிற்கு

சுழல் மின்னோட்டம் உலோக விரிசலைக் காட்டும். பசையின் நிலையைக் காட்டாது. மீயொலி பசைக்கும் தகட்டிற்கும் இடையிலான வெற்றிடத்தைக் காட்டும். தொட்டுக்கொண்டே வலுவிழந்த ஒட்டினூடே அது தடையின்றிச் சென்றுவிடும். 1995இல் ஜாங், ஷாங், லாரன்ஸ் ஆகியோர் வெளியிட்ட பின்முகத் திரிபு முறை வேறு வழியை நாடியது. ஒட்டின் முனையில் விரிசல் தோன்றியதும் தகட்டின் வளைவு மாறுகிறது. வெளிமுகத்தில் பொருத்திய திரிபுமானி அம்மாற்றத்தைப் பதிவு செய்கிறது. இங்கே தேடப்படுவது சுமை செல்லும் வழியில் நேரும் மாற்றம். ஆயினும் திரிபுமானி விரிசலுக்கு அருகில் இருந்தால்தான் பயன் தரும். நீண்ட உடற்பகுதி இணைப்புகள் முழுவதிலும் அதனைப் பொருத்துவது எளிதன்று.

முடிவுரை

அலோகா விமானத்தின் ரிவெட் துளைகளில் காணப்பட்ட விரிசல் சேதத்தின் பிற்பகுதியே. அதன் தொடக்கம் பசையில் நிகழ்ந்துவிட்டது. எனவே, அவ்விபத்தைப் பராமரிப்பாளரின் கவனக்குறைவாக மட்டும் வாசிப்பது போதாது. ஆணை வகுத்த தேடலே சேதத்தின் வரிசையைப் பின்னிருந்து தொடங்கியது. பசையைச் சுமை தாங்கும் உறுப்பாக நம்பிய வடிவமைப்பு, அதன் நலத்தை அளக்கும் வழியை உடன் வகுக்கவில்லை. ஒட்டிணைப்புகள் பெருகிவரும் இக்காலத்தில், கண்காணிப்பு முறையையும் வடிவமைப்பின் ஒரு பகுதியாகக் கருத வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் கருத்தாகும்.