பலகைக் கூடத்தில் வளர்ந்த பொறியியல்

பொறியியற் கல்லூரிக்குக் கட்டடம் எழுப்புவோர் இந்நாளில் இரண்டைப் பேசுகின்றனர்: கட்டடம் நெடுங்காலம் பயன்பட வேண்டும், பல துறையினரும் அதனுள் கூடி உழைக்க வேண்டும். இவ்விரண்டையும் கருதாமலே கட்டப்பெற்று, இரண்டையும் நிறைவேற்றிய கட்டடம் ஒன்றுண்டு.

அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ் நகரிலுள்ள மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், 1943ஆம் ஆண்டு, ராடார் ஆராய்ச்சிக்காக மூன்றடுக்குக் கட்டடம் ஒன்று அவசரமாக எழுந்தது. எஃகு போருக்குத் தேவைப்பட்டமையால் மரமே துணையாயிற்று. போருக்குப் பின் இடித்துவிடுவதென்பதே ஏற்பாடு. ஆகவே பெயர்கூட இட்டாரிலர். இருபதாம் எண் கட்டடம் என்றே அழைத்தனர்.

போர் முடிந்தது, மாணவர் பெருகினர், இடம் போதவில்லை. வேறிடம் கிடைக்காதோர் இங்கு வந்து சேர்ந்தனர். அணு ஆய்வாளரும் மின்னியலாரும் ஒலியியலாரும் ஒரே நடைவழியில் நடந்தனர். சோம்ஸ்கியும் மாரிஸ் ஹாலேயும் மொழியாராய்ச்சி செய்ததும் இவர்களுக்கு நடுவில்தான் என்பது நம் தமிழாசிரியர்க்கு வியப்பளிக்கும். கம்பி இழுக்க வேண்டுமா? சுவரைத் துளைக்கலாம், தடுப்பார் இல்லை. அணுக் கடிகாரம் அமைக்க முனைந்த சக்கரியாஸ் என்னும் இயற்பியலறிஞர், மூன்றடுக்கு உயரமுள்ள உருளையை நிறுத்துவதற்கு மேல்தளங்களையே அகற்றிவிட்டார்! மாணவரின் பொம்மை இரயில் கழகமும் இங்கேதான் இருந்தது. தொலைபேசி நிலையக் கருவிகளைக் கொண்டு தண்டவாளங்களை இயக்கப் பழகிய இளைஞர் சிலர் பின்னர்க் கணினியில் வல்லவராயினர்.

யான் பயின்ற தோட்டப் பள்ளிக்கும் பலகைத் தடுப்பே. மூன்றாம் வகுப்பின் வாய்பாடு முதல் வகுப்பில் கேட்கும். கேட்டே மனப்பாடம் செய்தோம். இப்போது யான் பணியாற்றும் கற்கட்டடத்தில் படம் மாட்ட ஓர் ஆணி அடிக்கவும் எழுதிக் கேட்க வேண்டும்.

ஆயினும் மரக்கட்டடத்தை அளவுக்கு மீறிப் புகழலாகாது. கோடையில் புழுங்கும்; குளிர்காலத்தில் காற்று புகும்; கல்நாரும் கலந்திருந்தது. சில ஆண்டுகளுக்கென எழுந்தது 55 ஆண்டுகள் நின்று, 1998இல் இடிக்கப்பட்டது.

அவ்விடத்தில் 2004இல் திறக்கப்பட்ட ஸ்டாட்டா நிலையத்தை வரைந்தவர் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் பிராங்க் கெரி. பழைய கட்டடத்தின் கூட்டுறவை மீட்பதே நோக்கம். செலவோ பல கோடி டாலர். ஆனால் நீர்க்கசிவும் வெடிப்பும் கண்டனவென்று கழகம் 2007இல் வழக்குத் தொடுத்தது. 2010இல் அது இணக்கமாக முடிந்தது. பழைய கூரை ஒழுகியிருந்தால் ஒரு தச்சரை அழைத்திருப்பார்கள்.