தமிழகத்தில் குதிரைகள்: பயன்பாடும் பராமரிப்பும்

கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்தை அடுத்த ஸ்ரீமுஷ்ணத்தில் பூவராக சுவாமி கோயில் உள்ளது. நாயக்கர் காலத்தில் விரிவாகத் திருப்பணி செய்யப்பட்ட இக்கோயிலின் மண்டபத் தூண்களில், முன்னங்கால்களைத் தூக்கிப் பாயும் குதிரைகளும் அவற்றின் மீது அமர்ந்த வீரர்களும் செதுக்கப்பட்டுள்ளனர். திருவரங்கம் சேஷராயர் மண்டபத்திலும் வேலூர்க் கோட்டைக் கோயிலிலும் இத்தகைய சிற்பங்களைக் காணலாம். இவ்வாறு வலிமையின் அடையாளமாகக் கல்லில் நிற்கும் குதிரை, தமிழகத்திற்குப் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த விலங்காகும். அதை வாங்கப் பெரும்பொருள் செலவிட்ட அரசர்களுக்கு, வாங்கியதைக் காப்பாற்றுவது அதைவிடக் கடினமாக இருந்தது.

சங்க காலம்

சங்க இலக்கியம் குதிரையைப் பரி, புரவி, மா, இவுளி எனப் பல பெயர்களால் குறிப்பிடுகிறது. போர்க்களத்தில் வீரர்கள் ஏறிச் செல்லவும் தேர் இழுக்கவும் அது பயன்பட்டது. திருக்கோவலூர்ப் பகுதியை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியின் குதிரைக்குக் காரி என்றும், கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் குதிரைக்கு ஓரி என்றும் பெயர். தலைவனின் பெயரையே தாங்கும் அளவுக்கு அது மதிக்கப்பட்டது. காவிரிப்பூம்பட்டினத்தில் குதிரைகள் கடல் வழியே வந்திறங்கியதைப் பட்டினப்பாலை தெரிவிக்கிறது.

கடல் வழி வணிகம்

சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்தைச் சேர்ந்த குதிரைச் செட்டிகள் இடம்பெறுகின்றனர். மாணிக்கவாசகர் வரலாற்றில், பாண்டிய மன்னன் குதிரை வாங்கவே தம் அமைச்சரிடம் கருவூலப் பொருளைக் கொடுத்தனுப்புகிறான். நரி பரியான கதைக்குப் பின்னணியாக இருப்பது இந்த வணிகமே.

பிற்காலப் பாண்டியர் ஆட்சியில் இவ்வணிகம் உச்சத்தை அடைந்தது. பாரசீக வளைகுடாப் பகுதியிலிருந்து ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வாசாஃப் எழுதியுள்ளார். அவர் தரும் விலை, குதிரை ஒன்றுக்கு 220 பொன் தினார். வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டியரே பணம் கொடுத்தனர். தாமிரபரணியின் முகத்துவாரத்தை ஒட்டிய காயல் இவ்வணிகத்தின் முக்கியத் துறைமுகமாக விளங்கியது.

பராமரிப்பில் இருந்த குறைகள்

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ, அரச குடும்பத்துச் சகோதரர் ஐவரும் ஆளுக்கு 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை ஆண்டுதோறும் வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் 100 கூட எஞ்சவில்லை என்றும் குறிப்பிடுகிறார். லாடம் அடிப்பவர்களும் குதிரை மருத்துவம் அறிந்தவர்களும் இங்கே இல்லை. வணிகர்கள் அத்தகையவர்களை அழைத்து வராததோடு, பிறர் அழைத்து வருவதையும் தடுத்தனர் என்பது அவர் கூற்று. குதிரைகள் இறந்தால்தான் அடுத்த ஆண்டு புதியவை விற்பனையாகும் அல்லவா?

இறைச்சி கலந்த சோற்றைத் தீவனமாகக் கொடுத்ததையும் அவர் எழுதுகிறார். குதிரைகளை நீண்ட நாள் கட்டிப்போட்டுக் கொழுக்க வைத்து, பின்னர் முறையான பயிற்சியின்றி ஓட்டியதால் அவை விரைவில் நலிந்தன என்கிறார் வாசாஃப். இவை அயல்நாட்டார் பார்வையில் எழுதப்பட்டவை. ஆயினும் தனித்தனியே எழுதிய இருவரும் பராமரிப்புக் குறையையே சுட்டுவது கவனிக்கத்தக்கது. வெப்பமும் ஈரமும் மிகுந்த தட்பவெப்பம், பரந்த புல்வெளிகள் இல்லாமை ஆகியவையும் குதிரை வளர்ப்புக்குத் தடையாக இருந்தன.

விஜயநகர, நாயக்கர் காலம்

விஜயநகர அரசர் சாளுவ நரசிம்மர், கடலில் இறந்த குதிரையின் வாலைக் கொண்டுவந்து காட்டினாலே உயிருள்ள குதிரைக்குரிய விலையைக் கொடுத்தார் என்று போர்த்துக்கீசியரான நூனிஸ் பதிவு செய்துள்ளார். 1510இல் கோவாவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர், குதிரை வணிகத்தையும் தம் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தனர். அதன்பின் குதிரை பெறுவது அரசியல் பேரமாகவும் மாறியது. ஸ்ரீமுஷ்ணத்துத் தூண்களில் குதிரை வீரர்கள் இடம்பெற்றது, குதிரைப்படையே ஆட்சியைத் தீர்மானித்த இச்சூழலில்தான்.

1714இல் ஆற்காட்டு நவாபை எதிர்த்துப் போரிட்டு இறந்த செஞ்சித் தேசிங்கு ராஜனின் குதிரையும் நாட்டுப்புறக் கதைப்பாடலில் நிலைத்துவிட்டது.

பிற்காலம்

ஆங்கிலேயர் ஆட்சியில், படைக்குத் தேவையான குதிரைகளை வளர்க்க ஓசூரை அடுத்த மத்திகிரியில் 1824இல் பண்ணை தொடங்கப்பட்டது. அது இன்று அரசு கால்நடைப் பண்ணையாக உள்ளது. ஊர்களில் ஜட்கா வண்டி இழுக்கும் வேலை குதிரைக்கு வந்தது. மோட்டார் வாகனங்கள் பெருகியதும் அதுவும் குறைந்தது.

இன்று கோயில்களின் குதிரை வாகனங்களிலும் அய்யனார் கோயில் மண் குதிரைகளிலும், கொள்ளு, லாடம், லாயம், இராவுத்தர் போன்ற சொற்களிலும் அந்த நினைவு வாழ்கிறது. குதிரையை வாங்கச் செலவிட்ட பொருளில் ஒரு பகுதியைப் பேணும் அறிவைப் பெறுவதற்கும் செலவிட்டிருந்தால், பல்லாயிரம் குதிரைகள் பிழைத்திருக்கும். பெருஞ்செல்வம் ஆண்டுதோறும் கடல் கடந்து சென்றிருக்காது.