ஹைக்கூவும் எளிய உணவும்

யப்பானியக் கவிதையுள் நகைச்சுவையும் எளிய உணவும் ஒருங்கே நுழைந்தன எனலாம். அரசவை சார்ந்த 'வாக்கா' மரபு பூவையும் நிலவையும் பாடிற்று. அடுக்களைச் சொற்களுக்கு அங்கு இடமிருக்கவில்லை. மற்சுனாகா தெய்தொகு (1571–1653), வாக்கா விலக்கிய வழக்குச் சொற்கள் பயில்வதையே 'ஹைக்காய்' எனும் வேடிக்கைக் கவிதையின் இலக்கணமாகக் கொண்டார். வணிகர் பெருகிய நகரங்களில் அது பரவியமை தற்செயலன்று. விலக்கப்பட்ட சொற்களோடு அவற்றைப் பேசிய மாந்தரும் இலக்கியத்துட் புகுந்தனர்.

ஹைக்காயை ஆழப்படுத்திய பாஷோவும் (1644–1694), நஞ்சுடைய பேத்தைமீன் குழம்பை உண்டு உயிர் தப்பியதை எண்ணிச் சிரிக்கும் பாடலொன்றை ஆக்கியுள்ளார்.

'ஹைக்கூ' என்னும் பெயரை நிலைநிறுத்திய மசஓகா ஷிகி (1867–1902), பனிச்சை இனத்துக் 'காக்கி'ப் பழத்தின் மீது தமக்கிருந்த பெருவேட்கையைத் தாமே எள்ளிப் பாடினார். முதுகெலும்புக் காசநோயால் படுக்கையிற் கிடந்த அவர், 1901இல் தொடங்கிய நாட்குறிப்பில் கஞ்சி, ஊறுகாய், பணிஸ் என ஒவ்வொரு வேளை உணவையும் பதிந்தார். மரணத்தை எதிர்நோக்கியிருந்தவருக்கு ஒரு கவளமும் கொண்டாட்டமாயிற்று.

பாரதியார் 1916இல் யப்பானியக் கவிதையின் சொற்சுருக்கத்தைப் போற்றித் தமிழருக்கு அறிமுகஞ் செய்தார். அக்கவிதையின் சிரிப்பும் அதேயளவு கவனத்துக்குரியதாகும்.