ஹூக்ளி முதல் ஆதார் வரை: கைரேகையும் அடையாளத் திருட்டும்

1858 ஜூலையில், வங்காளத்தின் ஜங்கிப்பூரில், சாலை போடச் சரளை தருவதாக ராஜ்யதர் கோனாய் என்ற ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுத்தார். வில்லியம் ஜேம்ஸ் ஹெர்ஷல் என்ற இளம் அதிகாரி அந்த ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் கோனாயின் உள்ளங்கையை மை தடவிப் பதிக்க வைத்தார். ரேகையின் தனித்தன்மை குறித்த அறிவியல் அப்போது ஹெர்ஷலிடம் இல்லை. ‘இது என் கையெழுத்தே அல்ல’ என்று பின்னாளில் மறுக்க அஞ்ச வேண்டும் என்பதுதான் அவருடைய எண்ணம்.

இந்தியாவில் அடையாளத் திருட்டின் வரலாற்றை இந்த ஒப்பந்தத்திலிருந்து தொடங்குவதே பொருத்தம் என்று கருதுகிறேன். ஆள்மாறாட்டத்தைத் தடுக்க ஆவணத்தில் ஏற்றிய ரேகையை, பிற்காலத்தில் அந்த ஆவணத்திலிருந்தே எடுத்து ஆள்மாறாட்டம் செய்தார்கள். இதற்கு வழிவிட்ட நிர்வாக முடிவுகளையும், பறிகொடுத்தவருக்குச் சட்டம் எவ்வளவு தாமதமாகக் கைகொடுத்தது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1877-இல் ஹூக்ளி மாவட்டத்தின் மாஜிஸ்திரேட்டாகவும் கலெக்டராகவும் ஹெர்ஷல் பொறுப்பேற்றார். ஓய்வூதியம், பத்திரப்பதிவு, சிறை ஆகிய மூன்று இடங்களில் ரேகைப் பதிவைக் கொண்டுவந்தார். மூன்றுக்கும் காரணம் ஒன்றே. ஓய்வூதியர் இறந்த பிறகும் அவர் பெயரில் வேறொருவர் வந்து பணம் வாங்க முடிந்தது. நிலத்தை எழுதிக் கொடுத்தவர், கையெழுத்திட்டது தாம் அல்ல என்று சாதிக்க முடிந்தது. தண்டனை பெற்றவருக்குப் பதிலாக இன்னொருவர் சிறைக்குள் போகவும் வாய்ப்பிருந்தது. இம்முறையைப் பரவலாக்கும்படி அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் எழுதிய கடிதத்தை மேலிடம் ஏற்கவில்லை. மறு ஆண்டு ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார்.

ரேகையைக் காவல்துறை ஏற்றது அடுத்த தலைமுறையில். 1897-இல் கல்கத்தாவில் ரேகைப் பிரிவு தொடங்கியது. அங்கே வகுக்கப்பட்ட ரேகை வகைப்பாட்டு முறைக்கு, வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் பெயர் வாய்த்தது. அதன் கணக்கை உருவாக்கியதில் அஜீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியக் காவல் அதிகாரிகளுக்குப் பெரும் பங்குண்டு. அம்முறையின் பெயரில் அவர்களுக்கும் இடம் கிடைத்திருக்க வேண்டும். 1901-இல் அதே முறை ஸ்காட்லாந்து யார்டுக்குச் சென்றது.

இனி சட்டம். 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம் 416-ஆம் பிரிவில் ஆள்மாறாட்ட மோசடியைக் குற்றமாக்கியது. அப்பிரிவின் விளக்கக் குறிப்பைக் கவனிக்க வேண்டும். யாராக நடித்தாரோ அவர் உண்மையில் வாழும் மனிதராக இருந்தாலும், கற்பனை ஆளாக இருந்தாலும் குற்றம் ஒன்றே என்கிறது அது. ஏமாந்து பொருள் கொடுத்தவரைத்தான் சட்டம் பாதிக்கப்பட்டவராகப் பார்த்தது. தன் பெயரைப் பறிகொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்பதுகூட அதற்குப் பொருட்டில்லை. சுமார் 150 ஆண்டுகள் இந்தப் பார்வையே நீடித்தது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2008 திருத்தம், 2009 அக்டோபர் 27-இல் நடைமுறைக்கு வந்தபோது இது மாறியது. பிறருடைய மின்கையொப்பம், கடவுச்சொல், தனித்த அடையாளக் குறி ஆகியவற்றை மோசடியாகப் பயன்படுத்துவதே குற்றம் என்றது புதிய 66சி பிரிவு. தண்டனை மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். அடையாளத்துக்கு உரியவர் இதன்மூலம்தான் தம் உரிமையிலேயே சட்டத்துக்குள் வந்தார்.

இதற்கிடையில் பத்திரத்தில் ரேகையின் இடம் உறுதியாகியிருந்தது. 2001-இல் பதிவுச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 32ஏ பிரிவு, பதிவுக்கு வரும் பத்திரத்தில் புகைப்படத்தையும் ரேகையையும் கட்டாயமாக்கியது. சொத்து கைமாறும்போது விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் இது பொருந்தும். போலி ஆட்களை நிறுத்திக் கிரயம் முடிக்கும் கொடுமை நடந்த நாட்டில் இது நியாயமான சீர்திருத்தமே. ஆனால் அசையாச் சொத்துப் பத்திரம் பொது ஆவணம். கட்டணம் செலுத்தினால் எவரும் நகல் பெறலாம். சில மாநிலங்களில் அந்த நகல்கள் ரேகை தெளிவாகத் தெரியும்படி இணையத்திலும் ஏறின.

2010 செப்டம்பர் 29-இல் மகாராஷ்டிரத்தின் தெம்ப்லி கிராமத்தில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. பின்னர் வந்த ஆதார் வழிப் பணப்பரிமாற்ற முறையில் ஆதார் எண், வங்கியின் பெயர், விரல் ரேகை ஆகிய மூன்றும் போதும். அட்டை, ரகசிய எண், ஓடிபி எதுவும் வேண்டாம். வங்கிக்கிளை இல்லாத ஊரில் நூறு நாள் வேலைக் கூலியையும் முதியோர் உதவித்தொகையையும் வாசலிலேயே பெற வைத்த முறை இது. அதன் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதுவரை சான்றாக இருந்த ரேகை, அன்று முதல் பெட்டகத்தின் சாவியும் ஆனது. சாவியின் அச்சோ பதிவு அலுவலகத்தில் எவர் கைக்கும் எட்டும் நிலையில் கிடந்தது.

விளைவு சில ஆண்டுகளில் தெரிந்தது. 2018-இல் தெலங்கானாவில், பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்தில் கிடைத்த ரேகைகளைக் கொண்டு போலி விரலச்சுகள் செய்து, ஆயிரக்கணக்கான சிம் கார்டுகளை ஒருவர் இயக்கியது வெளிப்பட்டது. 2023-இல் மேற்கு வங்காளத்தில் பலருடைய சேமிப்புக் கணக்குகளில் பணம் இதே வழியில் போனது. ஹெர்ஷல் பத்திரங்களில் ரேகை பதித்த அதே வங்காளம்! கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். களவுபோன விரலை மாற்ற வழியில்லை.

அதே 2023-இல், வைத்தது உயிருள்ள விரலா என்று சோதிக்கும் கூடுதல் முறையை ஆதார் ஆணையம் கொண்டுவந்தது. பறிகொடுத்தவரை மீட்கும் ஏற்பாட்டில் முக்கியமானது, ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை. வங்கியோ வாடிக்கையாளரோ காரணமல்லாத மோசடியில், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் வாடிக்கையாளருக்கு இழப்பு கிடையாது. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் என்றால் அவர் ஏற்க வேண்டிய தொகைக்கு உச்சவரம்பு உண்டு. புகார் வந்த பத்து வேலை நாட்களில் பணத்தைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது. 1860-இன் பார்வையோடு ஒப்பிட்டால் இந்தக் கடைசி விதி பெரிய திருப்பம். இதை அறியாமல் வங்கி வாசலில் கைகட்டி நிற்பவர்கள் இன்னும் ஏராளம்.

திருடப்படுவது பணம் மட்டுமல்ல. பிறர் வாங்கிய கடன் நம் பெயரில் ஏறுவதும் உண்டு. கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 முதல் விதி. பிழையைச் சுட்டிக்காட்டி 30 நாட்களுக்குள் தீர்வு வராவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது 2024 முதல் நடைமுறை.

ரேகையைப் பொது ஆவணத்தில் வாங்கி வைத்த அரசுதான் அதைக் காக்கும் முதல் பொறுப்பாளி. பொதுமக்களுக்குத் தரும் ஒவ்வொரு நகலிலும் பதிவுத் துறைகள் ரேகையை மறைத்தே தர வேண்டும். வாசகர் செய்ய வேண்டியதும் உண்டு. எம்-ஆதார் செயலியிலோ ஆணையத்தின் இணையதளத்திலோ உங்கள் ரேகையைப் பூட்டி வையுங்கள். தேவைப்படும்போது மட்டும் திறக்கலாம். வீட்டுப் பெரியவர்களுக்கும் இதைச் செய்து கொடுங்கள். பணம் போனது தெரிந்தால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்து, வங்கியிலும் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, ஒப்புகை எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.